திருப்பிப் போடச் சொன்ன ஜீன்

ஆய்வகத்துக்குள் தமிழ் பேசுங்கள், தாராளமாகப் பேசுங்கள். 'திருப்பி' என்ற ஒரு சொல்லை மட்டும் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள். ஏன் என்று இதைப் படித்து முடிப்பதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். முப்பத்து நாலு வயதில் பணி அனுபவமா என்று எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் ஆய்வக மேசையைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவள்தான். கணவரின் டெலிகாம் வேலையை ஒட்டி டெக்சஸ், ரிச்சர்ட்சனுக்கு வந்தபின் நான் செய்வதெல்லாம் காகித வேலை. மற்றவர்கள் உருவாக்கும் பாக்டீரியாக்களுக்கு அரசு அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதுகிறேன். சொட்டு அளந்து ஊற்றும் பைப்பெட்டைத் தொட்டு நாளாகிவிட்டது. ஆனாலும் டி.வி. பார்க்கும்போது வலது கட்டைவிரல் தானாக எதையோ அழுத்திக்கொண்டிருக்கிறது.

எதில் எத்தனை சொட்டு ஊற்றுவது என்பதைப் புத்தகங்கள் சொல்லும். நான் சொல்ல வந்தது, செய்தது எதுவுமே சரியாக வராத ஒரு வாரத்தைப் பற்றி. எனக்கு எதையும் வரிசைப்படுத்தாமல் பேச வராது. அதனால் எங்கே, யார், என்ன ஆபத்து என்ற மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கே என்றால், நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷன். ரூட் ஒன் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி செங்கல் கட்டடங்கள். பல் மருத்துவருக்கும் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கும் நடுவே எங்கள் கம்பெனி. சின்னதுதான். கலிஃபோர்னியாவில் பிளசன்டன் ஊரில் அதைவிடச் சின்னதாக ஒரு கிளை இருந்தது, நாலு பேரோடு.

யார் என்றால், அந்த நாலு பேரில் ஒருத்தியான ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரி, என் வயதுதான். நேரில் பார்த்ததைவிட ஃபோனில் பேசியதுதான் அதிகம். நான் லஞ்ச் டப்பாவைத் திறக்கும் நேரத்தில் அவள் அங்கே காலைக் காபியோடு உட்காருவாள். டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டி, பாக்டீரியாவுக்குள் அனுப்பும் குட்டி வளையங்களைக் கட்டுவது அவள் வேலை. அவளைப் போலக் கை சுத்தமான ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவள் கட்டி அனுப்புவாள், நான் அதை பாக்டீரியாவுக்குள் ஏற்றுவேன்.

என்ன ஆபத்து என்றால், அவளுடைய வேலை. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவை வைத்து, ரொட்டி மாவில் சேர்க்கும் என்சைம் ஒன்றைத் தயாரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். பணம் போட்டது பேக்கரிகளுக்குச் சரக்கு விற்கும் ஒரு பெரிய நிறுவனம். அவர்கள் கையை உதறினால் பிளசன்டன் கிளையை மூடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஜெசிந்தா எச்-ஒன் வேலை விசாவில் இருந்தாள். கம்பெனி போட்ட கிரீன் கார்டு மனு பாதி வழியில் நின்றது. வேலை போனால் மனுவும் போகும். அவள் கணவர் அருளுக்கு இந்த நாட்டில் வேலை செய்யவே அனுமதி இல்லை. ஆக, அவள் வேலை போனால் இரண்டு பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நமக்கு வேண்டிய ஜீனை பாக்டீரியாவுக்குள் அனுப்பும்போது, அது உள்ளே போனதா என்று தெரிந்துகொள்ள ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் ஜீன் ஒன்றையும் கூட அனுப்புகிறோம். ஆன்டிபயாடிக் கலந்த வளர்ப்புத் தட்டில் யார் பிழைக்கிறார்களோ அவர்களே நம் ஆட்கள். வேலை முடிந்ததும் அந்தத் துணை ஜீனை வெளியேற்றியாக வேண்டும். ரொட்டி தின்கிறவர்கள் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்பது பணம் போட்டவர்களின் முதல் நிபந்தனை.

வெளியேற்றுவதற்கு நாங்கள் நம்பியிருந்தது, பாக்டீரியாக்களைத் தாக்கும் ஒரு வைரஸிடமிருந்து எடுத்த வேறொரு என்சைம். வெட்டி ஒட்டும் என்சைம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கான எழுத்துகள் உள்ள டி.என்.ஏ.யில் அது ஒரே ஒரு எழுத்துத் தொடரைத் தேடிப் பிடிக்கும். மற்ற எதையும் தொடாது. அந்தத் தொடருக்கு 'சைட்' என்று பெயர். நீக்க வேண்டிய ஜீனுக்கு இடப்பக்கம் ஒரு சைட், வலப்பக்கம் ஒரு சைட். என்சைம் இரண்டையும் பிடித்து, வெட்டி, மாற்றி ஒட்டும். ஓர் எழுத்துகூடச் சிந்தாது, ஓர் எழுத்துகூடக் கூடாது. இதைப் பற்றி முதன்முதலில் படித்த அன்று பஸ்ஸில் என் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். இத்தனை வருடம் கழித்தும் அதை எழுதும்போது எனக்கு அதே பரபரப்பு வருகிறது.

சைட்டுக்கு ஒரு திசை உண்டு. விகடகவி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் விகடகவிதான். சைட்டின் இரண்டு ஓரங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஒன்றுக்கு மற்றது கண்ணாடி. இப்போது நடுவிலுள்ள 'ட'வை எடுத்துவிட்டு 'மழை' என்று வையுங்கள். விகமழைகவி. பின்னாலிருந்து படித்தால் விகழைமகவி. நடுவில் இரண்டு எழுத்தை மாற்றியதும் சொல்லுக்கு முகம் வந்துவிட்டது, அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று சொல்லிவிடலாம். சைட்டுக்கும் நடு எழுத்துகள்தான் முகம்.

இரண்டு சைட்டும் ஒரே பக்கம் பார்த்து நின்றால், நடுவில் இருக்கும் ஜீன் வளையமாகக் கழன்று வெளியே போய்விடும். எதிரும் புதிருமாக நின்றால், ஜீன் எங்கேயும் போகாது. இருந்த இடத்திலேயே தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும். என்சைம் இருக்கும் வரை திரும்பித் திரும்பிப் படுக்கும். விஞ்ஞானம் இவ்வளவுதான், இந்தப் பத்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடப்பக்க சைட்டை நான் பாக்டீரியாவின் குரோமோசோமில் முன்பே வைத்துவிட்டிருந்தேன். துணை ஜீனையும் வலப்பக்க சைட்டையும் கட்டி அனுப்புவது ஜெசிந்தாவின் பங்கு. முதல் தடவை அனுப்பியதில் அவள் தப்பு எதுவும் இல்லை. வெளியே ஆர்டர் கொடுத்து வாங்கிய சின்ன டி.என்.ஏ. துண்டிலேயே ஓர் எழுத்து பிசகியிருந்தது, அதுவும் சரியாக நடு எழுத்துகளில். இரண்டு சைட்டின் நடு எழுத்துகளும் ஒன்றாக இல்லாவிட்டால் என்சைம் அவற்றைச் சேர்த்து ஒட்டாது. ஃபோன் செய்தேன்.

"ஜெசி, அந்த ரெண்டாவது சைட் சரியில்லப்பா. அதைத் திருப்பிப் போட்டுடேன், ப்ளீஸ்."

"திருப்பியா? சைட்ட மட்டுமா, ஜீனையும் சேத்தா?"

"சைட்ட மட்டும் போதும்."

"இதுக்கா ஏட்டி இப்படி இழுத்த? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். செஞ்சு அனுப்புதேன்."

சொன்னபடி குரியரில் குழாய் வந்தது. கூடவே ஈ-மெயில்: திருப்பிப் போட்டாச்சு, எழுத்தெல்லாம் ஒண்ணொண்ணா படிச்சுப் பாத்துட்டேன், எல்லாம் சரி. வளையத்தின் புது வரைபடம் அனுப்பு என்று நான் கேட்கவில்லை. ஓர் எழுத்துத் திருத்தத்துக்கு எதற்குப் புது வரைபடம்? பழையதே என் மேசைக்கு மேல் ஒட்டியிருந்தது, சைட்டுகளின் திசையைக் காட்டும் அம்புக்குறிகளெல்லாம் அழகாக ஒரே பக்கம் பார்த்தபடி.

வேலையைத் தொடங்கினேன். எல்லாம் சரியாக நடந்தது. துணை ஜீன் உள்ளே போனது. வெட்டி ஒட்டும் என்சைமை அனுப்பினேன். அது வேலை செய்து முடிக்க நேரம் கொடுத்து, புள்ளி புள்ளியாக வளர்ந்த ஒவ்வொரு பாக்டீரியா காலனியிலிருந்தும் ஒரு தொடுகை எடுத்து ஆன்டிபயாடிக் தட்டில் வைத்தேன். துணை ஜீன் வெளியேறியிருந்தால் தட்டில் எல்லாம் சாக வேண்டும். எங்கள் வேலையில் அந்த ஒரு நாளில் மட்டும் சாவுதான் நல்ல செய்தி.

புதன்கிழமை காலை தட்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூடச் சாகவில்லை. செழிப்பாக வளர்ந்திருந்தன.

எங்கள் இயக்குநர் வாரன் சத்தம் போடாத மனிதர். கெட்ட செய்தி வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். தட்டைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"ரொம்ப ஆரோக்கியமா இருக்காங்க," என்றார்.

"ஆமாம்."

"உமா, நான் பயந்தது இதுதான். அந்த என்சைம் வேற ஒரு பாக்டீரியாவோட வைரஸ்லேர்ந்து வந்தது. இந்த மண்ணு பாக்டீரியாவுக்குள்ள அது வேலை செய்யும்னு நாம நம்பினோம், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை அவங்க வராங்க. கேக்கப் போறது ஒரே கேள்வி: இதுக்குள்ள அது வேலை செய்யுமா, செய்யாதா? இன்னிக்கே மறுபடி ஆரம்பி. என்சைமை ரெண்டு மடங்காக்கு. அப்பவும் இதே தட்டுன்னா, செய்யாதுன்னு சொல்லி முடிச்சுக்கலாம்."

மத்தியானத்துக்குள் தொடங்கினால்தான் வெள்ளிக்கிழமை கையில் தட்டு இருக்கும். தொடங்குவதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை. ஐஸ் பெட்டியை நிரப்பி, செல்கள் இருந்த குழாய்களை அதில் குத்திவைத்தேன். பைப்பெட்டைக் கையில் எடுத்தேன். ஆனால் தொடங்கவில்லை.

ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. துணை ஜீன் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பார்க்க முந்தின நாள் ஒரு பி.சி.ஆர்., அதாவது டி.என்.ஏ.யில் ஒரு துண்டை மட்டும் நகலெடுத்துப் பெருக்கும் சோதனை, செய்திருந்தேன். நகலைத் தொடங்கிவைக்கும் பிரைமர் இரண்டு, ஒன்று ஜீனுக்கு வெளியே, இன்னொன்று ஜீனுக்கு உள்ளே, நேருக்கு நேர் பார்த்தபடி. என்சைம் ஒன்றுமே செய்யவில்லை என்றால், பெருகிய துண்டு ஜெல்லில் ஒரு பட்டையாகப் பழையபடி பளிச்சென்று இருக்க வேண்டும். இருந்தது மங்கலாக. பட்டையின் வெளிச்சத்தை வைத்து முடிவெடுக்காதே என்று உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். நியாயமான பேச்சு. ஆனால் ஒன்றில் மங்கினால் கைப்பிசகு. என்சைம் போன எல்லா காலனியிலும் மங்கி, என்சைம் போகாததில் மட்டும் பளிச்சென்று இருந்தால்? யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள். என்ன செய்தார்கள் என்றுதான் தெரியவில்லை.

நான் வழக்கம்போல மனதுக்குள் வரிசை போட்டேன். ஒன்று, என்சைம் உருவாகவில்லை. இரண்டு, உருவாகியும் வேலை செய்யவில்லை. மூன்று, சைட் சரியில்லை. நான்காவதாக எப்போதும் 'மற்றவை' என்று ஒன்று வைப்பேன். வரிசை முழுமையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் வைப்பது. அன்று அந்த மற்றவையைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஐஸ் உருகத் தொடங்கியிருந்தது. எப்படியும் ஜெசிந்தாவிடம் செய்தியைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஃபோனை எடுத்தேன்.

"சொல்லுட்டி. எல்லாம் செத்துட்டா?"

"இல்ல ஜெசி. ஒண்ணுகூடச் சாகல."

"இவரு நேத்தே குளோசெட் மேல இருந்த பெட்டியெல்லாம் எறக்கி வச்சுட்டாரு. சும்மா தூசி தட்டுதேன்னு சொல்லுதாரு. எனக்குத் தெரியாதாக்கும்," என்றாள்.

வேலையைப் பற்றியே பேசினேன். "ஒருவேளை சைட்லதான் இன்னும் ஏதோ இருக்கோ என்னவோ. எதுக்கும் நீ அதை இன்னொரு தடவை திருப்பிப் போட்டு அனுப்பறியா?"

"இன்னொரு தடவையா?" அவள் குரலில் எரிச்சல் ஏறியது. "ஏட்டி, உனக்கு என்னதான் வேணும்? ஒருக்கா திருப்பியாச்சு. மறுக்கா திருப்பினா பழசு மாதிரில்லா ஆயிரும்?"

நான் பைப்பெட்டைக் கீழே வைத்தேன்.

"ஜெசி, நீ என்ன பண்ண?"

"நீ சொன்னதத்தான் பண்ணேன். திருப்பிப் போடச் சொன்ன, திருப்பிப் போட்டேன்."

"திருப்பின்னா?"

"திருப்பின்னா திருப்பித்தான். தோசையத் திருப்பிப் போடுன்னா நீ என்ன செய்வ? கரண்டிய வச்சுப் புரட்டுவியா, புதுசா மாவு ஊத்துவியா?"

"ஐயோ ஜெசி! நான் மறுபடி போடுன்னு சொன்னேன்டீ. திருப்பி சொல்லு, திருப்பி எழுதுன்னு சொல்றதில்லையா, அந்தத் திருப்பி. ஓர் எழுத்து தப்பா இருந்தது, அதுக்காகத் திருப்பி…"

"அதுக்கு எங்க ஊர்ல மறுக்கான்னு தெளிவா ஒரு வார்த்த இருக்கு. மெட்ராஸ்காரிகளுக்கு அதுக்குக்கூடப் பஞ்சமா? ரெண்டாவது சைட் சரியில்ல, திருப்பிப் போடுன்னா நான் என்ன நெனைப்பேன்? எடப்பக்க சைட்டு உன்கிட்ட இருக்கு. அது எந்தப் பக்கம் பாக்குன்னு உனக்குத்தான தெரியும். திச மாறியிருக்கு போலன்னு, புதுத் துண்டு வாங்கித் திருப்பி வச்சேன்."

புதுத் துண்டில் எழுத்துப் பிழை இல்லை. ஆக, எழுத்தும் சரியாகிவிட்டது, திசையும் மாறிவிட்டது.

எனக்குக் கோபம் வரவில்லை. மேசைக்கு மேலிருந்த வரைபடத்தில் பேனாவை வைத்து வலப்பக்க அம்பை மட்டும் எதிர்த்திசையில் வரைந்தேன். அம்புகள் ஒன்றையொன்று முறைத்து நின்றன. எதிரும் புதிரும். அப்படி நின்றால் ஜீன் போகாது. திரும்பும். திரும்பியபடியே ஆன்டிபயாடிக்கைத் தாங்கும், ஏனென்றால் தன்னை இயக்கும் ஸ்விட்சை அது தன்னோடேயே வைத்திருக்கிறது. எனவே ஒன்றும் சாகாது. காலனியில் பாதிப் பேரிடம் நேராகவும் பாதிப் பேரிடம் தலைகீழாகவும் இருக்கும். எனவே பட்டை மங்கும்!

"ஜெசி," என்றேன். "அது வேலை செய்யுது."

"எது?"

"என்சைம். இந்த பாக்டீரியாவுக்குள்ள வேலை செய்யுது. வேலை செய்யலன்னா பட்டை ஏன் மங்கணும்? ஃபோனை வைக்கிறேன். அருளை அந்தப் பெட்டியத் தொடாம இருக்கச் சொல்லு."

ஐஸ் பெட்டியை அப்படியே சிங்கில் கவிழ்த்தேன். வாரன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இப்ப கவிழ்த்தது வெள்ளிக்கிழமையோட தட்டுன்னு உனக்குத் தெரியுமில்லையா?"

"தெரியும். ஆனா அந்தத் தட்டுலயும் இதேதான் வளரும். என்சைமை பத்து மடங்கு போட்டாலும் இதேதான் வளரும்."

திருத்திய வரைபடத்தைக் காட்டினேன். நின்றபடியே பார்த்தார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். "இது உன்னோட ஊகம்," என்றார். "மங்கலான ஒரு பட்டையை வச்சு எதையும் சொல்ல முடியாது. காட்டு."

காட்டுவதற்குத் தேவையானது ஃப்ரீசரிலேயே இருந்தது. இரண்டு பிரைமரும் ஒரே பக்கம் பார்க்கும்படி எடுத்துக்கொண்டேன். சாதாரணமாக யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள், ஏனென்றால் பட்டையே வராது. ஒருவர் முதுகை ஒருவர் பார்த்து ஓடுகிறவர்கள் எங்கே சந்திப்பது? ஆனால் ஜீன் திரும்பியிருந்தால் உள்ளே இருக்கும் பிரைமரும் அதோடு திரும்பும். இருவரும் நேருக்கு நேர் வருவார்கள், பட்டை வரும்.

சாயங்காலம் ஜெல்லை விளக்கில் வைத்தபோது வாரனும் பக்கத்தில் நின்றார். என்சைம் போகாத வரிசையில் சுத்தமான இருட்டு. என்சைம் போன வரிசைகளில் வரிசைக்கு ஒன்றாகப் பட்டை, எல்லாம் ஒரே உயரத்தில், ஆரஞ்சு நிறத்தில், கோடு போட்ட மாதிரி. நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வாரன் தன் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். அவர் மெதுவாகப் பேசவில்லை அன்று.

இதோடு கதை முடிந்திருந்தால் இது அதிர்ஷ்டக் கதை, உங்களுக்குச் சொல்ல வந்திருக்க மாட்டேன்.

மறுநாள் வாரன் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கான ஸ்லைடுகளைக் காட்டினார். ஜெல் படத்துக்கு மேலே, 'திட்டமிட்ட திருப்பச் சோதனை' என்று தலைப்பு. அவர் கெட்ட மனிதரல்ல. "யோசிச்சுப் பாரு," என்றார். "யாரா இருந்தாலும் இந்தச் சோதனையை முதல்ல செஞ்சிருக்கணும். நாம செஞ்சிருக்கோம். ஏன் செஞ்சோம்ங்கறது அவங்களுக்கு எதுக்கு? தப்பா கட்டி அனுப்பினாங்கன்னு தெரிஞ்சா, முதல்ல கைவைக்கிறது பிளசன்டன் மேலதான். உன் ஃப்ரெண்டுக்காகத்தான் சொல்றேன்."

அவர் சொன்னதில் அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. உண்மையைச் சொன்னால் ஜெசிந்தா கவனமில்லாதவள் என்று ஆகலாம். சொல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது போலத் தெரிகிறது. ஆனால் அடுத்த கேள்வி வரும். ஏன் திட்டமிட்டீர்கள், எப்போது திட்டமிட்டீர்கள், நேரான வடிவம் எங்கே? ஒரு பொய்யான தலைப்புக்குக் கீழே உண்மையான ஜெல்லை வைத்தால், பிறகு அந்த ஜெல்லையும் யாரும் நம்ப மாட்டார்கள். அதைத்தான் வாரனிடம் சொன்னேன். ஆனால் இதில் பணயம் வைப்பது என் வேலையை அல்ல. ஜெசிந்தாவைக் கேட்டேன்.

"தப்புன்னே சொல்லு," என்றாள். "ஆனா யாரு தப்புன்னு நீ சொல்லாத. அத நான் சொல்லுதேன்."

வெள்ளிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி ஹெலன் என்ற நரைத்த பெண்மணி, வாழ்நாள் முழுவதும் மாவோடும் ஈஸ்டோடும் இருந்தவர். ஜெசிந்தா ஸ்பீக்கர் ஃபோனில் மேசை நடுவே இருந்தாள். தலைப்பில்லாத ஸ்லைடை வைத்தேன். ஹெலன் ஜெல்லை நிதானமாகப் பார்த்தார்.

"வேலை செய்யுது," என்றார். "ஆனா எனக்குப் புரியல. ஜீனை வெளியேத்தத்தானே கேட்டோம்? எதுக்கு அதைத் திருப்பற மாதிரி கட்டினீங்க?"

"அப்படிக் கட்டறது எங்க நோக்கம் இல்ல," என்றேன். "இது தப்பா நடந்தது."

வாரன் தன் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசை நடுவிலிருந்து ஜெசிந்தாவின் குரல் வந்தது. அவள் ஆங்கிலத்திலும் தூத்துக்குடிதான் பேசுவாள். எங்கள் மொழியில் ஒரு சொல் இருக்கிறது, அதற்கு மறுபடி என்றும் பொருள், புரட்டு என்றும் பொருள். இவள் மறுபடி என்ற பொருளில் சொன்னாள், நான் புரட்டு என்று கேட்டேன். அகராதி வைத்துப் பார்த்தால் இரண்டு பேர் மேலும் தப்பில்லை என்றாள். பிறகு தோசையைப் பற்றி விளக்கத் தொடங்கினாள். தோசை என்றால் என்ன என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார். புளித்த மாவு என்றதும் ஹெலன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தோசைக்கு மட்டும் கொஞ்ச நேரம் போயிற்று.

சிரிப்பு அடங்கியதும் ஹெலன் என்னிடம் கேட்டார். "அப்போ தட்டைப் பார்க்கும்போதும், மங்கலான அந்தப் பட்டையைப் பார்க்கும்போதும், சைட் திரும்பியிருக்குன்னு உங்களுக்குத் தெரியாது?"

"தெரியாது."

"இப்படி ஒரு முடிவு வரணும்னு யாரும் ஆசைப்படல?"

"நாங்க ஆசைப்பட்டது இதுக்கு நேர் எதிரா."

"அப்படின்னா, நீங்க திட்டம் போட்டுச் செஞ்சிருந்தா நம்பறதைவிட இதை அதிகமா நம்பறேன்," என்றார். "சரி, தோசையைத் திரும்பவும் புரட்டுங்க. வெறும் தட்டு ஒண்ணு எனக்குக் காட்டுங்க. காட்டினா தொடரலாம். காட்ட முடியலைன்னா, வேலை செய்யற என்சைம் இருந்தும் எனக்கு அதால பயனில்ல."

ஆக, கதவு திறக்கவில்லை, சாத்தாமல் விட்டார்கள்.

ஜெசிந்தா மறுக்கா திருப்பினாள். அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே திருப்பினாள். இம்முறை புது வரைபடமும் வந்தது, அம்புக்குறிகள் விரல் தடிமனுக்கு. சில நாளில் எங்கள் ஆய்வகம் முழுக்க அந்தச் சொல் பரவிவிட்டது. வாரன்கூட என் பெஞ்சுக்கு வந்து, "மறுக்காவா, திருப்பியா?" என்று கேட்டுவிட்டுத்தான் எதையும் சொல்வார். அவர் நாக்கில் அது 'மருக்கா' என்றுதான் வரும். நாங்கள் திருத்தவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். சோதனை தோற்றுப்போனால் கை முதலில் தேடுவது மறுபடி செய்வதைத்தான். அதிலே ஒரு ஆறுதல் இருக்கிறது, யோசிக்க வேண்டியதில்லை. எல்லாரும் அதையே சொல்வார்கள், ஐஸும் உருகிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பைப்பெட்டைக் கீழே வைத்துவிட்டு, தோற்றுப்போன தட்டையே புரட்டிப் பாருங்கள். பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று கேளுங்கள். நான் அன்று மறுபடி செய்திருந்தால், வெள்ளிக்கிழமை இன்னொரு செழிப்பான தட்டோடு நின்று, வேலை செய்கிற என்சைமைப் பார்த்து வேலை செய்யவில்லை என்று சொல்லியிருப்பேன்.

கடைசித் தட்டைப் பார்த்தது ஒரு சனிக்கிழமை காலையில். கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. இன்குபேட்டர் கதவைத் திறக்குமுன் கையுறையை ஒருமுறை கழற்றி மாட்டிக்கொண்டேன், அதற்குக் காரணம் ஒன்றும் கிடையாது. ஆன்டிபயாடிக் இல்லாத தட்டில் ஒவ்வொரு புள்ளியும் வளர்ந்திருந்தது. ஆன்டிபயாடிக் தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்றுமில்லை. சாய்த்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அத்தனை அழகான ஒன்றுமில்லையை நான் அதுவரை பார்த்ததில்லை.

பிளசன்டனில் விடிந்திருக்குமா என்று யோசிக்காமலே அவள் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். தூக்கக் குரலில் ஹலோ என்றாள்.

"ஜெசி, எல்லாம் செத்துப்போச்சு."

"ஒண்ணு விடாமலா?"

"ஒண்ணு விடாம."

"எல்லாம் செத்துட்டு!" அவள் கத்திய கத்தலில் நான் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். "எல்லாம் செத்துட்டுங்க! எல்லாம் செத்துட்டு!"

பின்னால் ஏதோ உருண்டு விழுந்த சத்தம். கட்டிலிலிருந்து அருள்தான் இறங்கியிருக்க வேண்டும். விடியாத நேரத்தில் ஃபோன் மணி அடித்தால் ஊரிலிருந்து என்ன செய்தி வரும் என்று நம் எல்லாருக்குமே தெரியும்.

"யாரு? ஏ ஜெசி, யாரு செத்துட்டா? ஊர்ல யாருக்கு என்ன?"

"ஊர்ல யாருக்கும் ஒண்ணுமில்லங்க," என்றாள் ஜெசிந்தா. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "போங்க, போயி அந்தப் பெட்டியத் தூக்கி மேல போடுங்க."